மாதம் ஒருமுறை இருமும் குழாய்

உங்கள் வீட்டுக் குழாய் சொட்டுச் சொட்டாக ஒழுகினால் முதலில் யாரைத் திட்டுவீர்கள்? விற்ற கடைக்காரரையா, மாட்டிய பிளம்பரையா, "நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லும் வீட்டுக்காரரையா? நம் கதையில் வருகிறவருடைய மனைவிக்கு இந்தக் குழப்பமே கிடையாது. அவர் வீட்டில் பிளம்பரும் வீட்டுக்காரரும் ஒரே ஆள்தான். அந்த ஆள் ஒழுகுகிற குழாயை அப்படியே விட்டுவிட்டு, விமானம் ஏறிப் போய், வேறொரு தேசத்து ஜனங்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

முப்பத்தோரு வருடம் நகரக் குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்தவர். ஃபிட்டராகச் சேர்ந்து ஃபோர்மேனாக வெளியே வந்தார். தொழில் தெரிந்தவர்களை இரண்டு வருடத்துக்கு வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு தொண்டு அமைப்பு இருப்பதைக் கேள்விப்பட்டு மனு போட்டார். சம்பளம் கிடையாது, தங்க இடமும் சாப்பாட்டுச் செலவும் மட்டும். மனைவியிடம் சொல்லப் பயந்து ஒரு வாரம் மென்று விழுங்கினார். கடைசியில் சொன்னபோது அந்த அம்மாள் ஒரே மூச்சில் முடித்துவிட்டார்.

"பொண்ணுக்குக் கல்யாணம் முடிஞ்சாச்சு. நீங்க வீட்ல உட்கார்ந்தா டிவியையும் என்னையும் மாத்தி மாத்தி ரிப்பேர் பார்ப்பீங்க. போயிட்டு வாங்க."

போன இடத்தில் அவருக்கு ஒரு அறை, ஒரு ஜன்னல், ஒரு மின்சாரக் கெட்டில். ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர் தெரியும். காலையில் தானே சமைத்துச் சாப்பிட்டு, சட்டையைத் துவைத்துப் போட்டுவிட்டு, ஊர்க் குடிநீர் அலுவலகத்துக்கு நடப்பார். அலுவலகத்தில் எட்டுப் பேர். பூமிக்குள் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பதும், அதை அந்த எட்டுப் பேருக்கும் பழக்குவதும் அவர் வேலை. கையில் ஒரு இரும்புக் கம்பி வைத்திருப்பார். அதன் ஒரு முனையைத் தரையில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்தால், ஆறடி ஆழத்தில் தண்ணீர் சீறும் சத்தம் அவருக்குக் கேட்கும். அந்த ஊர்க்காரர்கள் பேசுவது அவர்கள் பாஷை. ஆறு மாதத்தில் தட்டுத்தடுமாறிப் பிடித்துக்கொண்டார். இங்கே எல்லாரும் நம் பேச்சில்தான் பேசுவார்கள். இல்லாவிட்டால் கதை நகராது.

முதல் வருடம் ராஜநடைதான். கீழ் ஊரில் பதினான்கு இடத்தில் ஒழுகலைக் கண்டுபிடித்து அடைத்தார்கள். மூன்று நாளைக்கு ஒருமுறை வந்த தண்ணீர் தினமும் வந்தது. மேல் தெருவுக்கு மட்டும் வரவில்லை.

மேல் தெரு என்பது ஊருக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் நாற்பது வீடு. பதினோரு வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு நாட்டு உதவியில் அங்கே புதுக் குழாய் போட்டார்கள். போட்டவர்கள் இருந்த இரண்டு மாதம் தண்ணீர் நன்றாக வந்தது. அவர்கள் போனதும் அதுவும் போய்விட்டது. மேட்டுக்கு ஏறும் அளவு அழுத்தம் இல்லை என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். இவர் விடவில்லை. கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் நீள டியூபில் தண்ணீர் நிரப்பி, படி படியாக மட்டம் பிடித்து, ஊரின் மேல்நிலைத் தொட்டி மேல் தெருவைவிட முப்பத்தாறு அடி உயரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். தண்ணீர் தானாகவே வந்தாக வேண்டும். வரவில்லை என்றால் நடுவில் எங்கோ ஒழுகிப் போகிறது. மேட்டு அடிவாரத்தில் கம்பியை ஊன்றிக் கேட்டார். சீறல் சத்தம் துல்லியமாகக் கேட்டது.

தோண்டினார்கள். மண் காய்ந்து கிடந்தது. பத்தடி தள்ளித் தோண்டினார்கள். அதுவும் காய்ந்த மண். மூன்றாவது குழியை, போன மாதம்தான் தார் போட்ட ரோட்டின் நடுவில் தோண்டினார்கள். அதில் கிடைத்தது ஒரு பழைய செருப்பு. அன்றிலிருந்து ஊரில் அவருக்குப் பெயர் குழிக்காரர். முதலில் கோபம் வந்தது. பிறகு பழகிவிட்டது. இப்போதெல்லாம் அலுவலகப் போனை எடுத்தால் அவரே "குழிக்காரர் பேசறேன்" என்றுதான் சொல்கிறார்.

இரண்டு வருடம் முடிய இன்னும் மூன்று மாதம் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அலுவலக அதிகாரி எல்லாரையும் கூப்பிட்டார். நாற்பது வயது மனிதர். நல்லவர்தான், ஆனால் மேலிடத்துக்கும் ஜனங்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்.

"திங்கட்கிழமை லாரி வருது. மேல் தெரு லைனைப் பிடுங்கி, ஆத்தோரம் கட்டற புது வீடுங்களுக்குப் போடப் போறோம். வெறும் காத்தை அனுப்பறதுக்கு எதுக்கு அவ்வளவு பைப்?"

"சார், முப்பத்தாறு அடி..." என்று குழிக்காரர் ஆரம்பித்தார்.

"உங்க முப்பத்தாறு அடியை எனக்கு மனப்பாடமாத் தெரியும். அது பேப்பர்ல ஏறுது, மேட்டுல ஏறலையே. நானும் ஒன்றரை வருஷம் பொறுத்துட்டேன். ரோட்டு ஆபீஸ்காரங்க என்னைப் பார்த்தாலே குழியை மூடியாச்சான்னு கேட்கறாங்க."

மற்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. சாவிக்காரம்மா. ஊரில் இருக்கும் அத்தனை வால்வையும் திறந்து மூடுகிறவர். அவர் உயரத்துக்கு இருக்கும் இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். சாவி என்றால் பூட்டுச் சாவி இல்லை. தரைக்குள் இருக்கும் வால்வின் தலையில் மாட்டி, மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றுவது. வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். வீடு மேல் தெருவில், பதினேழாம் எண்.

வெளியே வந்ததும் அவர் சொன்னார். "அண்ணே, திங்கட்கிழமையோட என் வீடும் போச்சு."

"வீட்டை யாரும்மா தொடப் போறாங்க? குழாயைத்தானே எடுக்கறாங்க."

"மருமக என்ன சொல்லிட்டுப் போனா தெரியுமில்ல? குழாயில தண்ணி வரட்டும், அன்னைக்குக் குழந்தையோட வர்றேன்னு. பேத்திக்கு அஞ்சு மாசம் ஆச்சு. கீழ அவங்க அம்மா வீட்ல போய் விருந்தாளி மாதிரிப் பார்த்துட்டு வர்றேன். அவ மேலயும் தப்பில்ல. துணி அலச ஒரு குடம், குளிப்பாட்ட ஒரு குடம்னு பச்சப்புள்ளையை வச்சுக்கிட்டு எத்தனை தடவை மேடு ஏறுவா? குழாயே இல்லேன்னு ஆயிட்டா, என் பையனும் கீழயே வீடு பார்த்துடுவான். அப்புறம் நானும் என் நாத்தனாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அந்த மூஞ்சிய நீங்க பார்த்திருக்கீங்கல்ல?"

அத்தனை வருத்தத்திலும் நாத்தனாரை ஒரு இடி இடிக்க அவர் மறக்கவில்லை. குழிக்காரர் உள்ளே போய் மேல் தெரு வரைபடத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் சனிக்கிழமை, விடுமுறை. மத்தியானம் அறையில் உட்கார்ந்து மேல் தெரு வரைபடத்தை நூறாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன்."

"என்ன முடிவு?"

"இந்தப் பாத்ரூம் குழாயை நானே சரி பண்ணப் போறேன். நீங்க வர்ற வரைக்கும் இது தாளம் போட்டா நான் பைத்தியம் ஆயிடுவேன். வாஷர் வாங்கியாச்சு, உங்க ஸ்பேனர் எடுத்தாச்சு, போனை ஸ்பீக்கர்ல போட்டு பக்கெட் மேல வச்சாச்சு. என்ன பண்ணணும், சொல்லுங்க."

குழிக்காரருக்கு உள்ளுக்குள் சந்தோஷம். யாருக்காவது ஏதாவது சொல்லிக்கொடுத்து நடந்தால் போதும் என்று இருந்தது அவருக்கு.

"முதல்ல சுவர்ல ஒரு வால்வு இருக்கும் பாரு. அதை மூடு."

"உங்க தம்பி புதுசா மாட்டினாரே, அதுவா? ஏதோ வெளிநாட்டுச் சாமான்னு பெருமையா மாட்டிட்டுப் போனாரு."

"அதேதான். வலது பக்கமாத் திருப்பு. இறுகற வரைக்கும்."

"இறுகிடுச்சு."

"சரி, இப்ப குழாயோட தலையைக் கழட்டறதுக்கு முன்னாடி..."

"கழட்டிட்டேன்."

அதற்குப் பிறகு போனில் வந்த சத்தம் மனுஷக் குரல் இல்லை. அருவிச் சத்தம். நடுவில் மனைவியின் அலறல்.

"ஐயோ! கூரைக்கு அடிக்குதுங்க! மூடும்னு சொன்னீங்களே!"

"மூடத்தான் செய்யும்! வலது பக்கம் இன்னும் திருப்பு! வலது பக்கம்!"

"வலது பக்கம் இதுக்கு மேல போகாதுங்க! புடவையெல்லாம் போச்சு! உங்க தம்பி தலையில இடி விழ..."

"வலது பக்கம்தான் மூடும்! உலகத்துக்கே தெரியும்! வலது பக்கம்!"

"நீங்க கொஞ்சம் வாயை மூடுங்க!"

இரண்டு மூன்று நொடி அருவி கொட்டியது. பிறகு சட்டென்று நின்றது. சொட்டுச் சத்தம் மட்டும். மனைவி மூச்சு வாங்கினார்.

"நின்னுடுச்சு. இடது பக்கம் திருப்பினேன், நின்னுடுச்சு. முப்பத்தோரு வருஷ சர்வீஸ்னு பேரு. வலது பக்கமாம், வலது பக்கம்."

குழிக்காரரின் விரல் வரைபடத்தில் மேட்டு அடிவாரத்துக்குப் போய் நின்றது.

"என்னங்க? லைன்ல இருக்கீங்களா? திட்டிட்டேன்னு கோபமா?"

"என்ன சொன்னே? இன்னொரு தடவை சொல்லு."

"இடது பக்கம் திருப்பினா மூடுதுன்னேன். உங்க தம்பி மாட்டின வால்வு தலைகீழ்."

"வெளிநாட்டு வால்வு," என்றார் குழிக்காரர். குரல் அவருக்கே வேறு யாருடைய குரலோ மாதிரி இருந்தது. "இடது பக்கம் மூடும். வலது பக்கம் திறக்கும்."

"அதைத்தானே சொல்றேன். நனைஞ்சது நான், உங்களுக்கு ஏன் குரல் நடுங்குது?"

"நீ தலையைத் துவட்டிக்கோ. நான் அப்புறம் பேசறேன். நீ... நீ பெரிய ஆளு, தெரியுமா?"

"அது இப்பதான் தெரிஞ்சுதா?" என்று மனைவி சொல்லி முடிப்பதற்குள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். மேட்டு அடிவாரத்தில் மேல் தெரு லைனுக்கென்று ஒரு வால்வு இருந்தது. குழாயோடு சேர்ந்து அதுவும் வெளிநாட்டிலிருந்து இலவசமாக வந்தது. இலவசமாக வந்ததைக் குறை சொல்லவும் முடியாது, கழட்டிப் போடவும் முடியாது. அதனால் அலுவலகத்தில் அதற்குச் சம்பந்தி என்று பெயர் வைத்திருந்தார்கள். குழிக்காரர் வந்த முதல் வாரத்தில் சம்பந்தியையும் சோதித்தார். சாவியைப் போட்டு இடது பக்கம் திருப்பினார், நகரவில்லை, கெட்டியாக நின்றது. அப்படியென்றால் முழுதாகத் திறந்திருக்கிறது. நோட்டில் "முழுத் திறப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் வாரியத்தில் அத்தனை வால்வும் வலது பக்கம் மூடும், இடது பக்கம் திறக்கும். முப்பத்தோரு வருடத்தில் ஒன்றுகூட மாறிப் பார்த்ததில்லை.

மேட்டை ஒரே ஓட்டமாக ஏறினார். பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. பதினேழாம் எண் வீட்டு வாசலில் சாவிக்காரம்மாவின் நாத்தனார் காலி பக்கெட்டுகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க குழிக்காரரே. எங்க வீட்டுத் திண்ணையில ஏதும் தோண்ட வந்தீங்களா?"

"இல்லம்மா. ஒரு கேள்வி. பதினோரு வருஷத்துல இந்தக் குழாயில ஒரு சொட்டுகூட வந்ததே இல்லையா?"

"வருமே. மாசத்துக்கு ஒருக்கா இருமும்."

"இருமுமா?"

"ஆமா. புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து விட்டுட்டு, அரை பக்கெட் செந்தண்ணி துப்பிட்டு நின்னுடும். முதல் திங்கட்கிழமை, காலையில ஒன்பதரை மணி. நான் பக்கெட்டை வச்சுக் காத்திருப்பேன். செடிக்கு ஊத்தலாமே."

"இதை ஏம்மா இத்தனை நாளாச் சொல்லல?"

"யாரு கேட்டீங்க? நீங்க வந்தா ரோட்டைத்தானே கேட்பீங்க, மனுஷங்களையா கேட்பீங்க?"

உள்ளேயிருந்து சாவிக்காரம்மா வந்தார். குழிக்காரர் அவரைப் பார்த்தார்.

"முதல் திங்கட்கிழமை காலையில ஒன்பதரைக்கு நீங்க எங்கம்மா இருப்பீங்க?"

"வேற எங்க? சம்பந்திகிட்ட. அன்னைக்குத்தானே அதுக்குக் கிரீஸ் போடணும். வால்வு துருப்பிடிச்சு நின்னுடக் கூடாதுன்னு நாலு சுத்து மூடி, நாலு சுத்துத் திறந்து..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். வாய் திறந்தபடி இருந்தது. அண்ணியும் நாத்தனாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பதினோரு வருடமாக ஒருத்தி கீழே நான்கு சுற்று மூடியபோது, இன்னொருத்தி மேலே பக்கெட் பிடித்திருக்கிறாள். குழாய் இருமும் நேரத்தில் சாவிக்காரம்மா ஒருநாளும் வீட்டில் இருந்ததில்லை; மாதம் அரை பக்கெட் செந்தண்ணீரை யாரும் அவரிடம் ஒரு பேச்சாக எடுத்ததும் இல்லை.

"மூடினா தண்ணி வருது," என்றார் மெதுவாக. "அப்போ நான் மூடல. திறந்திருக்கேன்."

"ஆமாம்மா."

"அப்போ திறக்கறேன்னு..." அவர் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். "அந்த வெளிநாட்டுக்காரங்க சாவியை என் கையில கொடுத்துட்டுப் போன மறுநாளே, முழுசாத் திறந்திருக்கான்னு பார்ப்போம்னு நான்தான் இறுக்கித் திருப்பி வச்சேன். நானே என் தெருத் தண்ணியைப் பூட்டியிருக்கேன் அண்ணே. இந்த ஜனங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

குழிக்காரர் அவருக்குப் பக்கத்தில் கீழ்ப்படியில் உட்கார்ந்தார்.

"உங்களுக்கு யாரும் சொல்லித் தரல. எனக்கு முப்பத்தோரு வருஷம் சொல்லித் தந்திருக்காங்க. நானும் அதையேதான் பண்ணேன். அதோட நிறுத்தாம, திறந்திருக்குன்னு கையெழுத்தும் போட்டேன். கம்பியில கேட்ட சத்தம் ஒழுகல் சத்தம் இல்லம்மா. மூடின வால்வுக்கு நடுவுல தண்ணி கசியற சத்தம். அதைக் கேட்டுட்டு மூணு குழி தோண்டினேன். இதுல யாரு முழிக்க வேண்டியது?"

நாத்தனார் பக்கெட்டை நிமிர்த்தி வைத்தார். "ரெண்டு பேரும் முழிச்சது போதும். போய்த் திறங்க. அழறதுக்கு வேற தண்ணி வேஸ்ட்."

அன்று மாலையே குழிக்காரர் அதிகாரி வீட்டுக்குப் போய் வால்வு விஷயத்தைச் சொன்னார். அதிகாரி நோட்டை நினைவுபடுத்தினார். "அது திறந்திருக்குன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

"போட்டேன் சார். தப்பாப் போட்டேன். அந்த அம்மா மேல ஒரு சொல் வரக் கூடாது. நோட்டுல என் பேர்தான் இருக்கு, என் பேர்லயே இருக்கட்டும்."

அதிகாரி எழுந்து வாசல் வரை வந்தார். "நாளைக்குக் காலையில ஏழு மணி. தோண்டறது கிடையாது."

"மண்வெட்டியே எடுத்துட்டு வரல சார்."

ஞாயிற்றுக்கிழமை காலை. மேட்டு அடிவாரத்தில் வால்வுக் குழியின் இரும்பு மூடியைத் தூக்கி வைத்தார்கள். எட்டுப் பேரில் ஆறு பேர் விடுமுறையிலும் வந்துவிட்டார்கள். குழிக்காரரின் நாலாவது தோல்வியைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"முதல்ல தலையைச் சுரண்டிப் பார்ப்போம்," என்றார் குழிக்காரர்.

சம்பந்தியின் தலையில் கிரீஸ் ஒரு சாண் உயரத்துக்கு ஏறியிருந்தது. ஒரு மாதம்கூட விடாமல் பதினோரு வருடம் பூசியது. சாவிக்காரம்மா இறங்கி, பழைய கரண்டியால் வழித்தார், துணியால் துடைத்தார், மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தார். அடியில் இரும்பில் வார்த்த ஒரு அம்புக்குறி தெரிந்தது. பக்கத்தில் யாருக்கும் படிக்கத் தெரியாத நாலு எழுத்து. அம்பு வலது பக்கம் வளைந்திருந்தது. அதன் நுனியில் ஒரு தண்ணீர்ச் சொட்டுப் படம்.

"அடப் பாவி," என்றார் அதிகாரி. யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

"ரொம்ப நல்லாப் பார்த்துக்கிட்டேன் போல," என்றார் சாவிக்காரம்மா. "பூசிப் பூசியே வாயை அடைச்சிருக்கேன்."

குழிக்காரர் கம்பியை வால்வில் வைத்துக் காதில் ஊன்றிக்கொண்டார். மேலே நாத்தனாருக்குப் போன் போட்டு, பூட்டிய வீடுகளின் வாசல் குழாய் உட்பட எல்லாவற்றையும் திறந்துவிடச் சொல்லியிருந்தது. பதினோரு வருடக் காற்று வெளியே போக வேண்டும். அவசரப்பட்டால் குழாய் வெடிக்கும்.

"வலது பக்கம்மா. மெதுவா."

சாவிக்காரம்மா சுற்றினார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. பழகிய சுற்றுகள், வெண்ணெய் மாதிரி வந்தன. ஐந்தாவது சுற்றுக்கு நகரவில்லை. அந்த வால்வு அதற்கு மேல் போனதே இல்லை. உள்ளே பதினோரு வருடத் துரு.

அவர் முழு பலத்தையும் போட்டார். அசையவில்லை. குழிக்காரர் கம்பியைக் கீழே வைத்துவிட்டு எதிர்க் கைப்பிடியைப் பிடித்தார். இரண்டு பேரும் சேர்ந்து தள்ளினார்கள். முக்கினார்கள். சாவி வளைகிற மாதிரி இருந்தது.

"சம்பந்தி முறுக்கிக்கிட்டாரு," என்று பின்னாலிருந்து ஒரு குரல். யாரும் சிரிக்கவில்லை.

"நாலு சுத்து பின்னாடி வாங்கம்மா. மறுபடி முன்னாடி. துரு பொடியாகணும்."

பின்னால் நாலு, முன்னால் நாலு. மறுபடி பின்னால், மறுபடி முன்னால். வியர்வை சொட்டியது. அரை மணி நேரம் ஆனது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கிளம்பப் போகிறார் என்று நினைத்தார்கள். அவர் அதைக் கழட்டிச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, கைப்பிடியில் நடுவில் இடம் பிடித்தார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, தள்ளு!"

சாவி வழியாக மூன்று பேர் தோளுக்கும் ஒரு நடுக்கம் ஏறியது. உள்ளே ஏதோ கரகரவென்று உடைந்தது. ஐந்தாவது சுற்று முழுதாக வந்தது.

"விடாதீங்க! ஆறு!"

ஆறு. ஏழு. எட்டு. பிறகு சாவிக்காரம்மா இரண்டு பேரையும் விலகச் சொல்லிக் கையைக் காட்டினார். "இனிமே என் வேலை. நீங்க கேளுங்க அண்ணே."

குழிக்காரர் கம்பியில் காதை வைத்தார். சீறல் இப்போது இரைச்சலாக மாறியிருந்தது. பத்துச் சுற்றுக்கு ஒருமுறை நிறுத்தி, குழாய்க்கு மூச்சு விட நேரம் கொடுத்தார்கள். இருபது. முப்பது. இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. முப்பத்தெட்டாவது சுற்றில் சாவி தானாகக் கெட்டியாக நின்றது. கம்பியில் சத்தமே இல்லை.

"என்ன கேட்குது?" என்றார் அதிகாரி.

"ஒண்ணும் கேட்கல."

"ஒண்ணும் கேட்கலையா?" அதிகாரியின் முகம் விழுந்தது.

"முழுசாத் திறந்த வால்வு பேசாது சார்," என்றார் குழிக்காரர். அவர் கண் நிறைந்திருந்தது.

அப்போது போன் அடித்தது. சாவிக்காரம்மா எடுத்தார். நாத்தனார் பேசுவது குழியைச் சுற்றி நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்டது.

"அண்ணி! இருமுது! நிறுத்தாம இருமுது! செந்தண்ணி... சேறு... இரு, இரு... அண்ணி, வெள்ளையா வருது! பக்கெட்டைத் தள்ளிவிட்டுருச்சு அண்ணி! நான் பிடிச்சிருந்த பக்கெட்டையே தள்ளிவிட்டுருச்சு!"

மேட்டின் மேலிருந்து கூச்சல் கிளம்பியது. பாத்திரம் உருளும் சத்தம், யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கத்தும் சத்தம். சாவிக்காரம்மா சாவியை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். ஐம்பது வயதில் அப்படி ஓடலாம் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. பின்னாலேயே எல்லாரும் ஓடினார்கள்.

மேல் தெருவில் நாற்பது குழாயும் ஒரே நேரத்தில் கொட்டிக்கொண்டிருந்தன. பூட்டிய வீட்டு வாசலில்கூடக் கொட்டியது. தெரு நடுவில் தண்ணீர் ஓடியது. ஒருவர் சட்டையோடு குழாயடியில் உட்கார்ந்து குளித்தார். வயதான ஒருவர் குழாயைத் திறந்தார், மூடினார், திறந்தார், மூடினார், நம்பிக்கை வரும்வரை. நாத்தனார் தலை முதல் கால்வரை நனைந்து வாசலில் நின்றார். குழிக்காரரைப் பார்த்ததும் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் பிடித்து நீட்டினார்.

"இந்தாங்க. குழி தோண்டாம வந்த தண்ணி. குடிச்சுப் பாருங்க."

அவர் அண்ணாந்து குடித்தார். இரும்பு வாசனை கொஞ்சம் இருந்தது. அதைவிட நல்ல தண்ணீரை அவர் முப்பத்தோரு வருடத்தில் குடித்ததில்லை.

அதிகாரியின் கால்சட்டை முழங்கால் வரை நனைந்திருந்தது. அவர் லாரிக்காரருக்குப் போன் போட்டார். "நாளைக்கு வர வேணாம். இல்ல, தள்ளி வைக்கல. வரவே வேணாம்." போனை வைத்துவிட்டு, "முப்பத்தாறு அடி," என்றார் குழிக்காரரிடம். "மேட்டுல ஏறிடுச்சு."

பிறகு ஜனங்களைப் பார்த்து ஏதோ பேச ஆரம்பித்தார். அதற்குள் சாவிக்காரம்மா முன்னால் வந்து நின்றார். "நான் ஒண்ணு சொல்லணும். பதினோரு வருஷமா இதை மூடி வச்சிருந்தது நான்தான். தெரியாமப் பண்ணேன். ஆனா நான்தான்."

தெருக்கோடி வீட்டு அம்மாள் ஒருவர் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சொன்னார்.

"பதினோரு வருஷம் சாவியைத் தூக்கிட்டு, கூடவே குடத்தையும் தூக்கிட்டு எங்களோட ஏறினவ நீ. உன்கிட்ட என்னத்தக் கேட்கறது? இனிமே அந்தச் சாவியை அந்தப் பக்கம் திருப்பினே, கையை ஒடிச்சுடுவேன்."

தெரு முழுக்கச் சிரித்தது. சாவிக்காரம்மாவும் அழுதுகொண்டே சிரித்தார்.

மத்தியானம் குழிக்காரர் தன் அறையிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். மனைவி முழுக்கக் கேட்டார்.

"அப்போ நான் நனைஞ்சதுல ஒரு தெருவுக்கே தண்ணி வந்துருக்கு."

"ஆமா."

"அதை அந்த நோட்டுல எழுதினீங்களா?"

"எழுதறேன். முதல் வரியே அதுதான்."

"வாஷரை மாட்டிட்டேன். சொட்டறது நின்னுடுச்சு. இப்ப ராத்திரி அமைதியா இருக்கு," என்றார் மனைவி. பிறகு, "ரொம்ப அமைதியா இருக்கு. மூணு மாசம் சீக்கிரம் போகணும்," என்றார்.

அன்று மாலை சாவிக்காரம்மாவின் மகன் கீழே போனான். திரும்பி மேடு ஏறும்போது அவன் தோளில் ஒரு தொட்டில் இருந்தது. பின்னால் மருமகள் குழந்தையோடு வந்தாள். நாத்தனார் குழாயைத் திறந்து காட்டி, மூடி, மறுபடி திறந்து காட்டினார்.

மறுநாள் காலை எட்டே காலுக்கு, மேல் தெருவிலிருந்து பதினோரு வருடத்தில் முதல் புகார் அலுவலக நோட்டில் பதிவானது. பதினேழாம் எண் வீட்டில் குழாய் ஒழுகுகிறது, அந்தச் சத்தத்தில் குழந்தை தூங்கவில்லை என்று எழுதியிருந்தது. புகார் கொடுத்தவர் சாவிக்காரம்மாவின் மருமகள். குழிக்காரர் ஒரு வாஷரை எடுத்துக்கொண்டு மேலே போனார்.